கருணைத்தொகை யாருடைய பணம்? எவரெஸ்டின் ஷெர்பாக்களும் எண்ணூரில் விழுந்த ஒன்பது பேரும்

2025 செப்டம்பர் 30 அன்று, எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல்மின் திட்டத்தின் கட்டுமானத் தளத்தில் எஃகு வளைவு ஒன்று சரிந்ததில் ஒன்பது தொழிலாளர்கள் உயிரிழந்தனர். ஏறத்தாழ 30 அடி உயரத்தில் நின்று வேலை செய்துகொண்டிருந்தவர்கள் அவர்கள். பெரும்பாலோர் அஸ்ஸாம் மாநிலத்தவர். கார்பி ஆங்லாங் மலைப்பகுதியிலிருந்து வந்தவர்கள் அவர்களில் பலர். இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தமிழ்நாடு முதலமைச்சர் தலா 10 லட்சம் ரூபாயும், பிரதமர் தலா 2 லட்சம் ரூபாயும் அறிவித்தனர். உடல்கள் ஊருக்கு அனுப்பப்பட்டன. அத்துடன் செய்தியும் முடிந்தது.

வழக்கறிஞர் ஒருவருக்கு அந்த இடத்தில்தான் கேள்வி தொடங்குகிறது. அறிவிக்கப்பட்ட பணத்துக்கு நிவாரணம் என்று பெயர். கொடுப்பவர் மனமிரங்கித் தருவது நிவாரணம். கேட்டுப் பெறும் உரிமையால் வருவது இழப்பீடு. இரண்டும் ரூபாய்தான். ஆனால் முன்னதில் இறந்தவரின் குடும்பம் கைநீட்டி நிற்கிறது. பின்னதில் வேலை வாங்கியவர் பதில் சொல்லி நிற்கிறார். இந்த வேறுபாட்டை அண்மைக்காலத்தில் உலகறியச் செய்த தொழிலாளர் போராட்டம் 2014ஆம் ஆண்டு எவரெஸ்டின் அடிவாரத்தில் நடந்தது. வடசென்னையின் சாரங்களில் நிற்பவர்களைப் புரிந்துகொள்ள அந்தப் போராட்டத்தைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டியிருக்கிறது.

ஷெர்பா என்பதை ஒரு வேலையின் பெயர் என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். அது ஓர் இனக்குழுவின் பெயர். திபெத்திய மொழியில் 'ஷர்' என்றால் கிழக்கு. ஷெர்பா என்றால் கிழக்கத்தியர். சில நூற்றாண்டுகளுக்கு முன் திபெத்திலிருந்து இமயத்தைக் கடந்து, இன்றைய நேபாளத்தின் சோலு, கும்பு பள்ளத்தாக்குகளில் குடியேறியவர்கள். யாக் மேய்த்தார்கள், உருளைக்கிழங்கு பயிரிட்டார்கள், மலைக் கணவாய்கள் வழியே வணிகம் செய்தார்கள். சிகரங்களில் ஏறுவது அவர்களுடைய மரபே அன்று. அவை தெய்வங்களின் இருப்பிடம் என்பதால் ஏறாமல் விட்டவர்கள். பிரிட்டிஷ் ஆட்சிக்காலத்தில் டார்ஜிலிங்குக்குக் கூலிவேலை தேடிப் போனவர்களை மலையேற்றக் குழுக்கள் சுமை தூக்க அழைத்துச் சென்றன. அங்கிருந்துதான் அந்த இனத்தின் பெயர் ஒரு வேலையின் பெயராக மாறத் தொடங்கியது.

நம் நாட்டில் இது எதிர்த்திசையில் நடந்திருக்கிறது. இங்கே வேலையின் பெயரைக் குலத்தின் பெயராக ஒட்டி, அக்குலத்தில் பிறந்தவருக்கு அந்த வேலையையே விதித்தார்கள். திசை வேறானாலும் முடிவில் சொல்லப்படும் நியாயம் ஒன்றுதான்: அவர்கள் அதற்கென்றே பிறந்தவர்கள், அவர்களுடைய உடம்பு அதற்குப் பழகியது. ஷெர்பாவின் இரத்தத்துக்கு உயரம் ஒத்துக்கொள்ளும் என்று வியந்து பேசுபவரும், மலக்குழியின் நாற்றம் அவர்களுக்குப் பழகிவிட்டது என்று பேசுபவரும் ஒரே வேலையைச் செய்கிறார்கள். ஆபத்தைப் பிறப்போடு சேர்த்துக் கட்டிவிட்டால், அந்த ஆபத்துக்கு விலை கொடுக்க வேண்டிய கடமை யாருக்கும் இல்லாமல் போகிறது. சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்யும் மனிதர்களையே படிநிலையாகப் பிரித்துவிட்டது என்று அண்ணல் அம்பேத்கர் 1936ஆம் ஆண்டின் 'சாதி ஒழிப்பு' உரையில் வாதிட்டதை இமயத்துக்கும் பொருத்திப் பார்க்கலாம். மிகையான ஒப்பீடு அன்று இது. நேபாள அரசு 1854இல் இயற்றிய 'முலுகி ஐன்' சட்டம் முழு நாட்டையும் சாதிப் படிநிலையில் அடுக்கியது. திபெத்திய வழிவந்த மக்களை அடிமையாக்கத்தக்க பிரிவில் வைத்தது.

வேலை எத்தகையது என்பதையும் சொல்ல வேண்டும். எவரெஸ்டின் நேபாளப் பக்கத்து வழி, அடிவார முகாமைத் தாண்டியதும் கும்பு பனியருவி வழியாகச் செல்கிறது. நாள்தோறும் நகர்ந்துகொண்டே இருக்கும் பனிப்பாளங்கள், அடுக்குமாடிக் கட்டடம்போல் நிற்கும் பனித்தூண்கள், அடியே தெரியாத பிளவுகள். ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் சிலர் முன்னே சென்று, பிளவுகளின் மேல் அலுமினிய ஏணிகளைக் கட்டி, கயிறு பொருத்தி வழி அமைக்கிறார்கள். அதன்பின் மற்றவர்கள் கூடாரம், உணவு, எரிவாயு, ஆக்சிஜன் உருளை ஆகியவற்றை மேல் முகாம்களுக்குச் சுமக்கிறார்கள். பல்லாயிரம் டாலர் கட்டி வரும் வாடிக்கையாளர் அந்தப் பனியருவியைச் சில தடவைகளே கடக்கிறார். அவருடைய சுமையைத் தூக்குபவர் அதைப் போல் பல மடங்கு தடவைகள் கடக்கிறார். பெரும்பாலும் பனி இறுகியிருக்கும் இரவிலும் விடியலிலும் அந்த நடை நடக்கிறது. ஒரு பருவத்தில் கிடைக்கும் சில ஆயிரம் டாலர் நேபாளத்தில் பெரிய வருவாய்தான். அந்த ஊர்களில் அதற்கு ஈடான வேறு வேலையும் இல்லை. விரும்பித்தானே போகிறார்கள் என்று கேட்பவர், இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டுக் கேட்க வேண்டும்.

எவரெஸ்ட் ஏற்றத்தின் முதல் பெரும் பலியே சுமை தூக்கியவர்களுடையது. 1922 ஜூன் 7 அன்று பிரிட்டிஷ் குழுவுடன் சென்ற ஏழு சுமைதூக்கிகள் பனிச்சரிவில் இறந்தனர். பிரிட்டிஷார் ஒருவரும் சாகவில்லை. 1953 மே 29 அன்று டென்சிங் நோர்கேயும் எட்மண்ட் ஹிலாரியும் உச்சியை அடைந்தபோது, ஹிலாரிக்கும் குழுத் தலைவர் ஜான் ஹண்டுக்கும் 'சர்' பட்டம் கிடைத்தது. அதே கயிற்றில் அதே உச்சியில் நின்ற டென்சிங்குக்கு ஜார்ஜ் பதக்கம். விருதிலும் படிக்கட்டு இருந்தது.

2014 ஏப்ரல் 18 காலை, கும்பு பனியருவியின் மேல் பனிப்பாளம் உடைந்து விழுந்து 16 பேர் இறந்தனர். பதினாறு பேரும் நேபாளத் தொழிலாளர்கள். 13 பேர் ஷெர்பாக்கள். மூவரின் உடல்கள் கிடைக்கவே இல்லை. நேபாள அரசு முதலில் அறிவித்த தொகை, ஈமச்சடங்குக்காகக் குடும்பத்துக்கு 40,000 நேபாள ரூபாய். இந்தியக் கணக்கில் 25,000 ரூபாய். மலையேற்ற அனுமதிக் கட்டணமாக ஆண்டுதோறும் கோடிக்கணக்கில் ஈட்டும் அரசு கொடுக்க முன்வந்தது இவ்வளவுதான்.

அடிவார முகாமில் ஷெர்பாக்கள் கூடினார்கள். காப்பீட்டுத் தொகையை உயர்த்த வேண்டும், அரசு ஈட்டும் கட்டணத்தில் ஒரு பங்கைத் தொழிலாளர் நலநிதியாக ஒதுக்க வேண்டும், இறந்தவர் குடும்பத்துக்கும் முடமானவர்க்கும் உரிய தொகை வேண்டும் என்று கோரிக்கைகள் எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் பருவத்தில் ஏறமாட்டோம் என்றும் முடிவெடுத்தார்கள். அதன்பின் நேபாளப் பக்கம் மலையேற்றமே நின்றுபோனது. கூலி இல்லாமல் உச்சி இல்லை என்பது அன்றுதான் பலருக்குத் தெரிந்தது. கட்டாயக் காப்பீடு 10 லட்சம் நேபாள ரூபாயிலிருந்து 15 லட்சமாக உயர்ந்தது. அடுத்த ஆண்டு பனியருவி வழித்தடம் மேற்குத் தோளின் சரிவிலிருந்து விலக்கி நடுப்பகுதிக்கு மாற்றப்பட்டது. கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை. ஆனால் ஈமச்சடங்குப் பணம் என்ற சொல்லை அவர்கள் ஏற்க மறுத்தார்கள். அந்த மறுப்பே இக்கட்டுரைக்கு வேண்டியது.

இங்கே ஓர் இடைக்குறிப்பு. அதே 2014இல், மே 25 அன்று, தெலங்கானாவின் சமூகநல உறைவிடப் பள்ளி மாணவர்களான மாலாவத் பூர்ணாவும் சாதனபள்ளி ஆனந்த் குமாரும் திபெத் பக்கமாக எவரெஸ்ட் உச்சியை அடைந்தார்கள். ஒருவர் பழங்குடி, ஒருவர் தலித். நம் வீடுகளில் அந்தச் செய்தி கொண்டாடப்பட்டது, கொண்டாடப்பட வேண்டியதும்தான். அவர்களுக்கு வழிகாட்டியவர்களும் நேபாளத் தொழிலாளர்களே. மலையின் மறுபக்கம் அவ்வாண்டு ஆளின்றிக் கிடந்ததன் காரணத்தை அப்போது நாம் அதிகம் பேசவில்லை. உச்சியில் நம் பிள்ளைகள் நிற்பது நம் வெற்றி என்றால், அவர்களுக்கு வழிகாட்டியவரின் கோரிக்கையும் நம்முடையதாக வேண்டாமா?

எண்ணூருக்குத் திரும்புவோம். ஷெர்பா என்றால் கிழக்கத்தியர் என்று பார்த்தோம். எண்ணூரில் விழுந்தவர்களும் கிழக்கிலிருந்தே வந்தவர்கள். ஆனால் நம் தெருக்களில் அவர்களுக்கு ஒரே பெயர், 'வடக்கன்'. கார்பி ஆங்லாங் அரசமைப்புச் சட்டத்தின் ஆறாவது அட்டவணையின்கீழ் தன்னாட்சி பெற்ற பழங்குடி மாவட்டம். பழங்குடி என்ற தகுதியோ உறுப்பு 342இன்படி ஒவ்வொரு மாநிலம் தொடர்பாகவும் தனித்தனியே அறிவிக்கப்படுவது. ஆகவே, அங்கே பழங்குடியாகப் பதிவுபெற்ற ஒருவர் ரயிலில் ஏறி மூன்று நாளில் சென்னையில் இறங்கியதும் எந்தப் பட்டியலிலும் இல்லாதவர் ஆகிறார். மலக்குழி மரணம் என்றால் சாதியைக் கேட்கிறோம், அதைக் கேட்கவைக்க இயக்கங்கள் முப்பது ஆண்டுகள் போராடின. சாரத்திலிருந்து விழுந்து இறந்தவரின் சாதியையோ பழங்குடியையோ எந்தப் படிவமும் கேட்பதில்லை.

பெயர்களில் இன்னொரு ஒற்றுமையும் உண்டு. எவரெஸ்ட் குழுவில் ஷெர்பாக்களின் தலைவரை 'சிர்தார்' என்பார்கள். வெளிநாட்டு நிறுவனம், நேபாள முகவர் நிறுவனம், சிர்தார், அவருக்குக் கீழே சுமப்பவர். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் பிடித்தவர்களும் 'சர்தார்'களே, சொல் ஒன்றுதான். நம் மொழியில் அவரே மேஸ்திரி, அவருக்கும் முன்பு கங்காணி. இலங்கைக்கும் மலாயாவுக்கும் நம் முன்னோரை அழைத்துப்போன கங்காணிகளை அறிந்த சமூகம் இது. 1860 அக்டோபரில் 'ட்ரூரோ' என்ற கப்பல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு முதல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது சென்னையிலிருந்துதான். ஆட்களை ஏற்றி அனுப்பிய இந்தக் கடற்கரை இன்று ஆட்களை இறக்கிக்கொள்கிறது; இடையில் நிற்கும் ஆளின் பெயர் மட்டும் மாறியிருக்கிறது.

இந்தச் சங்கிலி எதற்கு? எண்ணூர்த் திட்டம் 2×660 மெகாவாட் திறன் கொண்டது. மின்நிலையம் அரசின் மின்வாரிய நிறுவனத்துடையது. கட்டும் பொறுப்பு ஒன்றிய அரசுப் பொதுத்துறை நிறுவனமான பெல் உடையது. இத்தகைய தளங்களில் அதற்குக் கீழே துணை ஒப்பந்ததாரரும், அவருக்குக் கீழே ஆள் கொண்டுவரும் சர்தாரும் இருப்பது வழக்கம். ஒருவர் விழுந்து இறந்ததும், அவர் யாருடைய தொழிலாளி என்ற கேள்வி மேலிருந்து கீழே உருண்டு, கடைசியில் தொலைபேசியை அணைத்துவிட்ட ஒரு சர்தாரிடம் போய் நிற்கிறது. நான் நடத்தும் விபத்து வழக்குகளில் எதிர்த்தரப்பின் முதல் வரி பெரும்பாலும் இதுவாகவே இருக்கிறது: இவர் எங்கள் தொழிலாளி அல்லர்.

சட்டத்தில் இதற்கு விடை உண்டு. 1923ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் பிரிவு 12இன்படி, தன் வழக்கமான தொழிலின் ஒரு பகுதியை ஒப்பந்ததாரர் மூலம் செய்விப்பவர், அந்த வேலையில் விபத்துக்குள்ளானவருக்குத் தாமே வேலையளித்தவர்போல் இழப்பீடு தர வேண்டும். பிறகு ஒப்பந்ததாரரிடமிருந்து அவர் அதை வசூலித்துக்கொள்ளலாம். அது அவர்களுக்குள் உள்ள கணக்கு. மின்சாரம் உற்பத்தி செய்வதே எங்கள் தொழில், கட்டுமானம் அன்று என்று மின்நிறுவனம் வாதிடக்கூடும். மின்நிலையம் கட்டுவதையே தொழிலாகக் கொண்ட நிறுவனத்துக்கு அந்த வாதமும் இல்லை.

தொகையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். இறந்தவரின் மாத ஊதியத்தில் பாதியை, வயதுக்கேற்பச் சட்டத்தின் அட்டவணை தரும் எண்ணால் பெருக்க வேண்டும். 25 வயதுக்கு அந்த எண் 216.91. எவ்வளவு சம்பாதித்திருந்தாலும் மாதம் 15,000 ரூபாய்க்கு மேல் கணக்கில் கொள்ளக்கூடாது என்று ஒன்றிய அரசு 2020 ஜனவரியில் வரம்பு வைத்தது. ஆக, 7,500ஐ 216.91ஆல் பெருக்கினால் 16,26,825 ரூபாய். இருபது வயது என்றால் 16,80,000. உயரத்தில் வெல்டிங் செய்பவரின் நாள்கூலியை வைத்துப் பார்த்தால் இந்த வரம்பே அநீதி. அந்த அநீதியான வரம்புக்குள் வரும் தொகைகூட, முதலமைச்சரும் பிரதமரும் அறிவித்ததைக் கூட்டினால் வரும் 12 லட்சத்தைவிடக் கூடுதல். ஈ.எஸ்.ஐ. காப்பீட்டில் சேர்க்கப்படாத எந்தக் கட்டுமானத் தொழிலாளிக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். ஈமச்சடங்குக்கு அதே சட்டம் குறிப்பிடும் தொகை 5,000 ரூபாய்க்குக் குறையாமல் என்பது. அதையும் சொல்லிவிட வேண்டும். நேபாளத்தைப் பார்த்துச் சிரிக்க நமக்குத் தகுதியில்லை.

இன்னும் சில பிரிவுகள் அதிகம் அறியப்படாதவை. பிரிவு 8இன்படி, இறப்பு வழக்கில் வேலையளிப்பவர் குடும்பத்தின் கையில் நேரடியாகக் கொடுக்கும் பணம், ஒரு சிறு முன்பணம் நீங்கலாக, இழப்பீடாகவே கருதப்படாது. ஆணையரிடம்தான் செலுத்த வேண்டும். தாசில்தாரோ மேலாளரோ காசோலை கொடுத்துப் புகைப்படம் எடுத்துக்கொள்வதால் கடன் தீராது. பிரிவு 17இன்படி, இனி எதுவும் கேட்கமாட்டேன் என்று எழுதி வாங்கிய தாள் செல்லாது. ஒரு மாதத்துக்குள் செலுத்தாவிட்டால் 12 விழுக்காடு வட்டி. நியாயமான காரணமின்றித் தாமதித்தால் தொகையில் பாதி வரை அபராதம். தொழிலாளி பாதுகாப்புப் பட்டை அணியவில்லை, சொன்னதைக் கேட்கவில்லை என்ற வாதம் இறப்பு வழக்கில் எடுபடாது. இறப்போ நிரந்தர முழு ஊனமோ விளைவிக்காத காயங்களுக்கு மட்டுமே சட்டம் அந்த வாதத்தை அனுமதிக்கிறது. தவிர, நின்றிருந்த கட்டமைப்பே சரியும்போது அதிலேயே மாட்டிய பட்டை எவரைக் காப்பாற்றும்? ஷெர்பாவின் கயிறும் அவர் நின்ற பனியில்தான் கட்டப்பட்டிருந்தது.

கருணையை உரிமையாக மாற்றியதில் நம் இயக்கங்களுக்கு அனுபவம் இருக்கிறது. கும்பு பனிச்சரிவுக்கு மூன்று வாரம் முன்பு, 2014 மார்ச் 27 அன்று, சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1993 முதல் மலக்குழியில் இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் வழங்க உத்தரவிட்டது. 2023 அக்டோபர் 20 அன்று பல்ராம் சிங் வழக்கில் அது 30 லட்சமானது. எந்த அமைச்சரின் இரக்கத்தையும் சார்ந்திராத தொகை அது. தமிழ்நாட்டில் அதைப் பெற எத்தனை குடும்பங்கள் அலைகின்றன என்பது வேறு கதை. ஆயினும் கேட்பதற்கு ஓர் எண் இருக்கிறது. உயரத்திலிருந்து விழுந்து இறப்பவர்க்கும் அத்தகைய ஓர் எண், ஊதிய வரம்பின் கணக்குக்குள் சிக்காமல், வேண்டும்.

காலம் எதிர்த்திசையில் போகிறது. 2025 நவம்பர் 21 அன்று, எண்ணூர் விபத்து நடந்து இரண்டு மாதம் நிறைவதற்குள், நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை ஒன்றிய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 20 பேர் இருந்தாலே பொருந்தியது. இனி 50 பேர் வேண்டும். புலம்பெயர் தொழிலாளர் சட்டம் 5 பேருக்குப் பொருந்தியது; இனி 10 பேர் வேண்டும். ஐம்பதுக்கும் குறைவான ஆட்களைத் துண்டு துண்டாகப் பிரித்து வைத்துக்கொள்வது எந்த ஒப்பந்ததாரருக்கும் கடினமான வேலை இல்லை. உயிரிழப்புக்கு 5 லட்சத்துக்குக் குறையாத அபராதமும், அதில் பாதியையேனும் குடும்பத்துக்கு வழங்க நீதிமன்றம் உத்தரவிடலாம் என்ற பிரிவும் புதிய தொகுப்பில் உள்ள நல்ல கூறுகள். யார் வழக்குத் தொடுப்பார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஒரு பழைய காயத்தையும் நினைவுகூர வேண்டும். 1921இல் பெரம்பூர் பக்கிங்ஹாம்-கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தத்தின்போது ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். கந்துவட்டியும் பட்டினியும் அவர்களை அங்கே தள்ளின என்று கேட்டுப் புரிந்துகொள்ள யாரும் முன்வரவில்லை. நிர்வாகத்தின்மேல் இருந்த சினம் அவர்கள்மேல் திரும்பி, புளியந்தோப்பில் அவர்களுடைய குடிசைகள் எரிந்தன. 'வடக்கன் வந்து கூலியைக் கெடுத்துவிட்டான்' என்று இன்று திருவொற்றியூரிலும் மணலியிலும் கேட்கும் பேச்சு, நூறாண்டுக்கு முன் நம்மைப் பற்றிப் பேசப்பட்டதுதான். சாம்பலும் அமோனியாவும் எண்ணெய்க் கசிவும் தம்மீது கொட்டப்படுவதை எண்ணூர் மக்கள் அறிவார்கள். 2023 டிசம்பர் ஒரே மாதத்தில் எண்ணெயும் அமோனியாவும் அவர்களை அடுத்தடுத்துத் தாக்கின. அதே ஆலைகளின் சாரத்தில் நிற்பவர் அவர்களுக்கு எதிரி அல்லர்.

எண்ணூர் விபத்து புதிய தொகுப்புகளுக்கு முன்பு நடந்தது. எனவே பழைய சட்டத்தில் விளைந்த உரிமை அந்தக் குடும்பங்களுக்கு நிலைக்கிறது. அச்சட்டத்தின்படி கோரிக்கை மனுவுக்குக் காலவரம்பு இரண்டு ஆண்டுகள். அதாவது 2027 செப்டம்பர் 30க்குள் மனு பதிவாகிவிடுவது பாதுகாப்பு. மனுவைச் சென்னையில்தான் கொடுக்க வேண்டும் என்பதில்லை. பிரிவு 21, குடும்பத்தினர் வசிக்கும் பகுதியின் ஆணையரிடமே மனுச்செய்ய இடமளிக்கிறது. தொழிற்சாலைப் பேரிடரால் பாதிக்கப்பட்டோர் என்ற முறையில் 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின்கீழ் இலவச வழக்கறிஞரைக் கேட்கலாம். ஊதியச் சான்று சர்தாரிடமிருந்து கிடைக்காது. தளத்தின் வாயில் அனுமதிச் சீட்டு, பாதுகாப்புப் பயிற்சிப் பதிவேடு, வீட்டுக்குப் பணம் அனுப்பிய கைபேசிப் பதிவு ஆகியவை போதும். இவற்றில் முதல் இரண்டும் எண்ணூரில் இருக்கின்றன. அவற்றின் நகல்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பெற்று அஸ்ஸாமுக்கு அனுப்பும் வேலையை வடசென்னையில் உள்ள தொழிற்சங்கங்களும் நம் வழக்கறிஞர் குழுக்களும் இப்போதே தொடங்கலாம்.